பச்சை மண்ணுக்குச் செவி உண்டு

"பச்சை மண்ணுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பது நம் கொங்கு நாட்டில் மட்டுமன்று, தமிழ்நாடு முழுவதிலும் உள்ள வழக்கம். பிறந்து பத்து நாளான குழந்தையிடம் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருப்பவர் இப்படிக் கேட்டு நகைப்பார். பால் கொடுக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தூங்கவைக்க வேண்டும். இம்மூன்றும் முறையாக நடந்தால் குழந்தைக்குச் செய்ய வேண்டியவை முடிந்தன என்பது பலருடைய அபிப்பிராயம். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவன். பிறந்த அன்றே குழந்தை கேட்கிறது, பதிலும் சொல்கிறது. அதனோடு பேசிப் பழகுவது பாலூட்டுவதைப் போன்றே இன்றியமையாத காரியம் என்பதைச் சேவூர்ப் பகுதியில் நான் கண்டவற்றைக் கொண்டு இங்கே விளக்க முற்படுகிறேன்.

சேவூர், திருப்பூர் மாவட்டத்தில் அவிநாசிக்கு வடக்கே உள்ள பழமையான ஊர். வாலீசுவரர் கோயிலாலும் நிலக்கடலை ஏலத்தாலும் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. ஆயினும் இன்று இப்பகுதிக் குடும்பங்களில் பலவற்றின் நாளை வகுப்பவை விசைத்தறியும் பனியன் தொழிலுமே ஆகும். விடியற்காலையில் பனியன் கம்பெனி வண்டிகள் ஊர்தோறும் நின்று ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. தறிக்கூடங்களில் பகலும் இரவும் தறி ஓடுகிறது. விசைத்தறிக் கூடத்தினுள் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதனுள் நிற்கும் இருவர் கைச்சாடையாலேயே பேசிக்கொள்வர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம் அமைந்துவிட்டால், பிள்ளை பெற்றவள் சில மாதங்களில் தறிக்குத் திரும்புகிறாள். சுவருக்கு இப்பால் குழந்தை தூளியில் கிடக்கிறது.

அத்தகைய வீடொன்றுக்கு, வீட்டு வசதித் திட்டப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். உத்தரத்தில் சேலைத் தூளி தொங்கியது. குழந்தை உறங்குகிறது என்று எண்ணி மெல்ல எட்டிப் பார்த்தேன். உறங்கவில்லை. இரண்டு மாதக் குழந்தை கண்களை அகல விழித்துக்கொண்டு, தன் முகத்துக்கு மேலே மடிந்து கிடந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தது. தார் மாற்றும் இடைவெளியில் தாய் உள்ளே வந்தாள், குழந்தையை எடுத்தாள், பாலூட்டினாள், மீண்டும் தூளியில் இட்டாள். ஒரு சொல்லும் பேசவில்லை. உடன் வந்த கிராம சுகாதார செவிலியர், "பிள்ளைகிட்டப் பேசறதில்லையாம்மா?" என்று கேட்டார். "நாள் முச்சூடும் தறிச் சத்தத்துல நின்னுட்டு வர்றனுங்க. பேசறதுக்கு வாயே வர்றதில்லீங்க. அதுக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அப்பெண். அவளுக்குக் குழந்தையின் மேல் அன்பு குறைவு என்று எவரும் கூற முடியாது. பிள்ளையின் கால் விரல்களில் கொசு கடித்த தடத்தைக் கூட அவள் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். பேசினால் பயன் உண்டு என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

மாதாந்திர மின் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இப்பக்கத்து ஊர்களில் நடந்து பார்க்க வேண்டும். தறிகள் ஓய்ந்துவிடும். வீடுகளுக்குள்ளிருந்து குழந்தைகளைக் கொஞ்சும் குரல்கள் தெருவரை கேட்கும். கூலி இழப்பைக் கருதினால் அந்நாளை நல்ல நாள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் குழந்தைகளுக்கு அது நல்ல நாள்தான்.

இனி, பச்சை மண்ணுக்கு என்ன தெரியும் என்ற வினாவுக்கு வருவோம். கருவில் ஆறாம் மாதத்திற்குப் பிறகு குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்குகிறது. புற உலகின் ஓசைகள் மங்கலாகவே எட்டும். ஆனால் தாயின் குரல் அவளுடைய உடல் வழியாகவே சென்று சேர்வதால், எல்லாக் குரலிலும் அதுவே தெளிவாகக் கேட்கும். வளைகாப்பில் அணிவிக்கும் வளையலின் ஓசையை வயிற்றுப் பிள்ளை கேட்கும் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தது வெறும் கற்பனை அன்று.

இதனை ஆராய்ச்சி முறையிலும் நிறுவியுள்ளனர். 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு அறிஞர்கள், பிறந்து மூன்று நாள் கூட நிரம்பாத பத்துக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். பால் வராத சூப்பானைக் குழந்தையின் வாயில் வைத்து, அதனை ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்தனர். குழந்தை ஒருவிதமாகச் சப்பினால் தன் தாயின் குரல் கேட்கும். வேறுவிதமாகச் சப்பினால் மற்றொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் விரைவிலேயே இவ்வேறுபாட்டைக் கற்றுக்கொண்டு, தாயின் குரல் வரும் வகையிலேயே சப்பத் தலைப்பட்டன. 1986-இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸ் என்பவரும் மேலும் ஒரு படி சென்றனர். பேறுகாலத்திற்கு முந்திய கடைசி ஆறு வாரங்களில் தாய்மார் ஒரே கதையை நாள்தோறும் உரக்கப் படித்தனர். பிறந்த பின் குழந்தைகள் புதிய கதையை விட அந்தக் கதையையே விரும்பிக் கேட்டன. 1988-இல் பாரிஸ் நகரில் மெஹ்லர் என்பவரின் குழுவினர், நான்கு நாள் குழந்தை தன் தாய்மொழியையும் அயல்மொழியையும் வேறு பிரித்து அறிவதைக் கண்டனர்.

இந்தக் கடைசிச் செய்தி சேவூர்ப் பகுதிக்கு மிகவும் வேண்டுவது. ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து, லைன் வீடுகளில் தங்கி வேலை செய்யும் இளங்குடும்பங்கள் இங்குப் பல உள்ளன. பாட்டியோ அத்தையோ உடன் இல்லை. "இங்கே வளரும் பிள்ளைக்கு எங்கள் பேச்சு எதற்கு?" என்று அத்தாய்மாரில் சிலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டுவதில்லை. ஒடியாவோ போஜ்புரியோ, தாய்க்கு இயல்பாக வரும் மொழியே குழந்தைக்கு உகந்தது. வயிற்றில் இருந்தபோது கேட்டது அதுதானே. தமிழைத் தெருவும் அங்கன்வாடியும் பின்னர்க் கற்பித்துவிடும்.

கண் பார்வையைப் பற்றியும் ஒரு சொல். பிறந்த குழந்தைக்குத் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியா. 20 முதல் 30 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் உள்ளதே நன்றாகத் தெரியும். பால் குடிக்கும் குழந்தையின் முகத்துக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே. ஆகவே பாலூட்டும்போது தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிராமல் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். தூளி நல்ல படுக்கைதான். ஆனால் அது உறங்குவதற்கு உரியது. விழித்திருக்கும் குழந்தைக்குத் தூளிக்குள் துணியைத் தவிர வேறொன்றும் தெரியாது. விழித்தவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும்.

எப்படிப் பேசுவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது, பாட்டி குழந்தையைக் குளிப்பாட்டும் காட்சியைத்தான். காலை நீட்டி அமர்ந்து, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் கிடத்தி, "இது யாரு கை? சாமி கையா? கண்ணு காலு எங்க?" என்று ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லித் தடவுகிறார். குரல் சற்று உயர்ந்து, இழுத்து, ராகத்தோடு வருகிறது. உலகின் பல பகுதிகளிலும் சிசுக்களிடம் பெரியவர்கள் பேசும் முறை இதுவே. குழந்தையின் கவனத்தை இத்தகைய பேச்சு மற்றப் பேச்சைவிட மிகுதியாக ஈர்க்கிறது. ஆகவே கொஞ்சிப் பேசுவதற்கு நாணப்பட வேண்டியதில்லை. (குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மூக்கை ஊதுவதும் தீங்கானவை. அவற்றை மட்டும் பாட்டிமார் விட்டுவிட வேண்டும். பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பதும் அவ்வாறே.)

பாட்டியிடம் கற்க வேண்டிய இன்னொன்று, இடைவெளி விடுதல். "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு அவர் சற்று நிறுத்துகிறார். அந்நேரத்தில் கூர்ந்து கவனித்தால், குழந்தை வாயைக் குவிப்பதையும், நாவை நீட்டுவதையும், கையை உதறுவதையும் காணலாம். அதுவே அதன் மறுமொழி. "ஆமாங்கறயா?" என்று அவர் அதனை ஏற்றுக்கொண்டு மேலே பேசுகிறார். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, பின் மாறிப் பேசுதல் என்னும் உரையாடலின் ஒழுங்கைக் குழந்தை இங்குதான் முதலில் பழகுகிறது. பேச்சு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே பேச்சின் முறை வந்துவிடுகிறது. நம்மில் பலர் இடைவெளியே விடாமல் பேசிவிட்டு, குழந்தை ஒன்றும் சொல்லவில்லை என்கிறோம்.

இதற்கும் நேரம் காலம் உண்டு. பசியாறி, ஈரத்துணி மாற்றி, அழுகையின்றி விழித்திருக்கும் சில நிமிடங்களே முதல் வாரங்களில் கிடைக்கும். குழந்தை முகத்தைத் திருப்பினாலும் கொட்டாவி விட்டாலும், போதும் என்கிறது என்று கொண்டு நிறுத்திவிட வேண்டும். அழும்போது உடனே தூக்கினால் பழக்கம் கெட்டுவிடும் என்று சிலர் கூறுவர். சின்னஞ்சிறு குழந்தையைப் பொறுத்தவரை இது சரியன்று. அழுதால் ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கையே பிற்காலத்துத் துணிவுக்கு வேர்.

தாலாட்டைக் குறித்துச் சொல்லாமல் செல்ல இயலவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலப் பருவம் மூன்றாவது. தால் என்பது நாவு. முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது நமது அவிநாசித் தலத்தின் வரலாறு. குழந்தையைப் பாட்டினால் அழைத்த ஊரில் இன்று தாலாட்டைக் கைப்பேசியில் ஓடவிட்டுத் தூளியின் பக்கத்தில் வைத்துவிட்டுச் செல்கின்றனர். கைப்பேசி பாடும், ஆனால் குழந்தை நாவை நீட்டினால் அதற்குப் பதில் சொல்லாது. குரல் நன்றாயில்லை என்று கூச்சப்படும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன்: அக்குரலைக் குழந்தை மூன்று மாதம் உள்ளிருந்தே கேட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டது.

பதில் கிடைக்காத குழந்தை என்ன ஆகும்? 1970-களில் அமெரிக்காவில் எட்வர்டு டிரானிக் என்பவர் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையுடன் விளையாடிக்கொண்டிருந்த தாய், சில நிமிட நேரம் முகத்தில் எவ்வித அசைவும் இன்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்து அழைக்கிறது, கையை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது. பயன் இல்லை எனக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கைப்பேசியில் ஆழ்ந்திருப்போரைக் காணும்போதெல்லாம் எனக்கு இச்சோதனைதான் நினைவுக்கு வருகிறது. சில நிமிடத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. தாய் திரும்பிப் பார்த்தவுடன் குழந்தை தேறிவிடும். நாள் முழுதும் அவ்வாறாயின் அது வேறு விஷயம். ருமேனியா நாட்டில் ஆயிரக்கணக்கான சிசுக்கள் அரசு விடுதிகளில் வளர்க்கப்பட்டன. வேளாவேளைக்கு உணவு கிடைத்தும், பேசிப் பழக ஒருவரென்று இல்லாத அக்குழந்தைகளில் பலர் உடல் வளர்ச்சியிலும் மொழியிலும் அறிவிலும் பின்தங்கினர். 2000-இல் புகாரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டவர்கள், தாமதமாகச் சேர்க்கப்பட்டவர்களைவிட நன்கு தேறினர்.

தொடுதலும் ஒரு பேச்சே. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கருவிகள் பற்றாத நிலையில், எட்கர் ரே என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு வெற்றுடம்பில் அணைத்து வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று நம் மருத்துவமனைகளிலும் இது வழங்குகிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, இம்முறையைப் பிறந்தவுடனேயே தொடங்கினால், எடை மிகக் குறைந்த குழந்தைகளின் முதல் 28 நாள் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12 ஆகக் குறைகிறது என்று காட்டிற்று. பிழைத்தல் என்னும் அளவிலேயே அணைப்புக்கு இத்தனை வலிமை உண்டு.

இனித் தந்தையர் பக்கம் வருகிறேன். டிகாஸ்பர் 1984-இல் பிரஸ்காட் என்பவருடன் சேர்ந்து தந்தையின் குரலையும் சோதித்தார். குழந்தை ஆடவர் இருவர் குரலைப் பிரித்தறிந்தது. ஆனால் தந்தையின் குரலைத் தனியே விரும்பவில்லை. தாய்க்கு வயிற்றில் சுமந்ததால் கிடைத்த முன்னுரிமை தந்தைக்கு இல்லை. அவர் பிறந்த நாளிலிருந்து உழைத்துத்தான் அதனைப் பெற வேண்டும். எங்கள் மூத்த பெண் எடை குறைந்து பிறந்து, ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் தனி அறையில் வைக்கப்பட்டிருந்தாள். நான் ஒன்பது நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உள்ளே போய்ப் பேசலாமா என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. பேசுங்கள் என்று சொல்ல அங்கிருந்தோருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும், கழுத்து நிற்கட்டும், பிறகு தூக்கலாம் என்று ஒதுங்கியே இருந்தேன். மூன்றாம் மாதத்தில் நான் தூக்கியபோது அவள் வீரிட்டு அழுதாள். அன்னியன் என்றே எண்ணியிருப்பாள். இளையவன் பிறந்தபோது நான் அத்தவற்றைச் செய்யவில்லை. சிசு சிகிச்சைப் பிரிவுகளில் பெற்றோரையும் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டுள்ளது. ஆகவே இன்றைய தந்தையர் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை, கேளுங்கள்.

நமது மாநிலத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. 2019–21 ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அவற்றில் நூற்றுக்கு 44.9 அறுவைப் பிரசவங்கள். வலியோடு படுத்திருக்கும் தாய் தேறும்வரை, தந்தை சட்டையைக் கழற்றிக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் பேசலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

தாய் பேசாதிருப்பதற்குத் தறிச் சத்தம் மட்டும் காரணம் அன்று. தென் மாவட்டத்திலிருந்து நூல் மில் விடுதிக்கு வேலைக்கு வந்து, இங்கேயே மணந்து, லைன் வீட்டில் குடியிருந்த இளம்பெண் ஒருத்தி பிள்ளை பெற்ற மூன்றாம் வாரத்தில் குழந்தையின் முகத்தையே பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்தார் திமிர் என்றனர். காற்றுக் கருப்பு என்றனர் சிலர். செவிலியர் அருகில் அமர்ந்து அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்ட பிறகு, "பிள்ளையைப் பாத்தா பயமா இருக்குதுக்கா, நான் செத்துட்டாக் கூட அது நல்லா இருக்கும்" என்று அவள் அழுதாள். இது பேறுகால உள்ளச்சோர்வு என்னும் நோய். முதல் சில நாள் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாவைப் பற்றிய பேச்சு வந்தாலோ சற்றும் தாமதிக்கலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கும். அப்பெண்ணுக்கு மருத்துவம் தொடங்கிற்று. அதுவரை எதிர்வீட்டு அம்மாள் நாள்தோறும் வந்து குழந்தையிடம் பேசினார். குழந்தைக்குத் தேவை ஒரு மனிதக் குரல். அது பெற்றவளுடையதாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, நோயுற்றவளை மேலும் வருத்தக்கூடாது.

தறி ஊர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பெருத்த ஓசைக்கும் திடுக்கிடாத குழந்தையைப் பார்த்து, "தறிச் சத்தத்துக்குப் பழகிவிட்டது" என்று பெருமையாகச் சொல்வார்கள். பழகியும் இருக்கலாம், காது கேளாமலும் இருக்கலாம். தறி நின்ற நேரத்தில் குழந்தை காணாதவாறு கைதட்டிப் பாருங்கள். ஐயம் இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த வழி உண்டு. எத்துணை இளமையில் கண்டுபிடிக்கிறோமோ அத்துணை நல்ல பேச்சு வரும். தூளியையும் தறிக்கூடச் சுவரை ஒட்டிக் கட்டாமல், வீட்டின் மறுகோடியில் கட்டுங்கள்.

பேசு என்று சொல்வது எளிது. பேச நேரம் வேண்டுமே என்பீர்கள். நியாயமே. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் வகுத்தது. பின்வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை உள்ளன. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று வரலாம். பெரிய பனியன் கம்பெனியில் உள்ளவர் இதனைக் கேட்டுப் பெறுக. ஆனால் நான்கு தறி உள்ள கூடத்தில் கூலிக்கு நெய்யும் பெண்ணை இது எட்டுவதில்லை என்பதை மறைத்துப் பயனில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவி கிடைக்கிறது. அது சில வாரக் கூலியை ஈடு செய்யும். அவ்வாரங்களைக் குழந்தைக்கே ஒதுக்குவது அத்திட்டத்தின் நோக்கத்துக்கு உகந்தது. மற்ற நாட்களில், புதிய நேரம் தேட வேண்டாம். பாலூட்டுதல், துணி மாற்றுதல், குளிப்பாட்டுதல் ஆகியவற்றுக்குச் செலவாகும் நேரத்திலேயே வாயையும் திறந்தால் போதும்.

சேவூர்ப் பகுதியில் மகளிர் குழுக் கூட்டமொன்றில் இவற்றை எடுத்துரைத்தபோது, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பொம்பளைங்க கொஞ்சுவாங்க. ஆம்பளைங்க என்னத்தைங்க பேசறது?" என்றார். எதைப் பேசினாலும் சரி, அன்றைய நடப்பைச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த மாதம் அதே தெரு வழியாகச் சென்றேன். அவர் திண்ணையில் அமர்ந்து, பேத்தியை முழங்கால் மேல் கிடத்திக்கொண்டு, அன்றைக்கு ஏலத்தில் கடலைக்காய் என்ன விலை போயிற்று, காய்ந்த காய்க்கு எவ்வளவு, ஈரக் காய்க்கு எவ்வளவு என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.